அடையாறு முதல் காளையார்கோயில் வரை: துப்பாக்கி வரிசையும் மாறிய போர்முறைகளும் (1746–1801)

அடையாற்றுப் போர் என்பது 1746ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், சாந்தோமுக்குத் தெற்கே அடையாற்றின் கரையில் ஆற்காடு நவாபின் படைக்கும் பிரெஞ்சுக்காரரின் சிறு படைக்கும் இடையே நடந்த சண்டையாகும். ஆங்கிலேயர் எழுதிய நூல்களில் இதே நாள் அக்டோபர் 24 என்று காணப்படும். இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால் வந்த வேறுபாடு அது. இரண்டு தேதியும் சரியே.

பள்ளிப் பாடநூல்களில் இந்தச் சண்டை முதல் கர்நாடகப் போரின் ஒரு துணைச் செய்தியாக இரண்டு வரியில் முடிந்துவிடும். அதற்குப் பிந்தைய ஐம்பத்தைந்து ஆண்டுகளில் தென்னாட்டில் நடந்த ஒவ்வொரு பெரிய போரும் அன்று அடையாற்றங்கரையில் எழுந்த ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தது. எதிரியின் சுடுதிறன் நம்முடையதைவிடப் பலமடங்கு மிகுந்திருக்கும்போது எப்படிப் போரிடுவது என்பதே அக்கேள்வி. ஆற்காட்டு நவாபுகள், யூசுப்கான், ஐதர் அலி, பாஞ்சாலங்குறிச்சி வீரர்கள், மருது சகோதரர்கள் என்று ஒவ்வொருவரும் அதற்கு ஒவ்வொரு விதமாக விடை தேடினர்.

அடையாற்றங்கரையில் நடந்தது

ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1746 செப்டம்பரில் லபோர்தொனே என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சென்னையைக் கைப்பற்றினார். புதுச்சேரி ஆளுநர் டூப்ளே, சென்னையைப் பிடித்ததும் நவாப் அன்வாருதீன்கானிடம் ஒப்படைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். பிடித்த பிறகு ஒப்படைக்கவில்லை. நவாப் தம் மகன் மாபூஸ்கானின் தலைமையில் ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட படையை அனுப்பினார். அப்படை கோட்டையைச் சூழ்ந்து, குடிநீர் வந்த ஊற்றையும் மறித்தது.

நவம்பர் 2ஆம் நாள் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 400 பேர் இரண்டு சிறு பீரங்கிகளுடன் வெளியே வந்தனர். நவாபின் குதிரைப்படை அவர்களை நோக்கிப் பாய்ந்தது. நெருங்கும் வரை காத்திருந்த பிரெஞ்சு அணி இருபுறமும் விலகி, பின்னால் மறைத்து வைத்திருந்த பீரங்கிகளுக்கு வழிவிட்டது. முதல் வெடிக்குப் பிறகு குதிரை வீரர்கள் தயங்கி நின்றனர். பீரங்கி ஒருமுறை வெடித்தால் மறுபடி அதில் மருந்து கெட்டித்துச் சுட நெடுநேரம் ஆகும் என்பதே அவர்கள் அறிந்திருந்தது. கால்மணி நேரத்துக்கு ஒருமுறை சுட்டாலே நல்ல வேலை என்று கருதப்பட்ட காலம் அது என்று இராபர்ட் ஓர்ம் தம் வரலாற்று நூலில் எழுதுகிறார். இந்தப் பீரங்கிகளோ நிமிடத்துக்குப் பலமுறை வெடித்தன. படை கலைந்தது.

மாபூஸ்கான் பின்வாங்கிச் சாந்தோம் பக்கம் பாளையம் இறங்கினார். கோட்டைக்கு உதவியாகப் புதுச்சேரியிலிருந்து பாரடிஸ் என்பவரின் தலைமையில் ஒரு சிறு படை வந்துகொண்டிருந்தது. பாரடிஸ் சுவிட்சர்லாந்துக்காரர், பொறியாளர். அவரிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 230 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களுமே. பீரங்கி ஒன்றுகூட இல்லை. ஆற்றின் வடகரையில் மாபூஸ்கானின் பெரும்படை பீரங்கிகளுடன் அணிவகுத்து நின்றது. கோட்டையிலிருந்து இன்னொரு பிரிவு வந்து நவாப் படையைப் பின்புறம் தாக்குவதாக ஏற்பாடு. அது வந்து சேரவில்லை.

பாரடிஸ் காத்திருக்கவில்லை. ஆற்றில் ஆழமில்லாத இடத்தில் இறங்கிக் கடந்து, கரையேறி, ஒருமுறை ஒருசேரச் சுட்டுவிட்டு, துப்பாக்கி முனையில் பொருத்திய பயனெட்டுடன் பாய்ந்தார். நவாபின் படை சாந்தோமின் தெருக்களுக்குள் ஓடியது. குறுகிய தெருக்களில் யானையும் குதிரையும் காலாளும் ஒட்டகமும் நெருக்கியடித்து நிற்க, அந்தக் கூட்டத்தின் மீது வரிசை வரிசையாகச் சுட்டனர். சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மாபூஸ்கான் ஆற்காட்டுச் சாலையில் திரும்பினார். இக்காலத்துப் புதுச்சேரி நிகழ்ச்சிகளை அங்கிருந்தே எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய நாட்குறிப்பைப் புரட்டுபவர்கள், முகலாயப் பேரரசின் பெயரால் ஆண்ட ஒரு நவாபின் மீது அந்நகரத்தாருக்கு இருந்த அச்சமும் மரியாதையும் எவ்வளவு விரைவில் மாறின என்பதைக் காணலாம்.

கருவியும் கட்டுப்பாடும்

இதைத் துப்பாக்கியின் வெற்றி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நவாபின் படையிலும் துப்பாக்கிகள் இருந்தன, பீரங்கிகளும் இருந்தன. தென்னிந்தியப் படைகள் வெடிமருந்தைப் பயன்படுத்தத் தொடங்கி அப்போது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. வேறுபாடு மூன்று இடங்களில் இருந்தது.

நவாப் படையினரிடம் இருந்தவை பெரும்பாலும் திரித் துப்பாக்கிகள். எரியும் கயிற்றுத் திரியை வைத்து மருந்தைப் பற்றவைக்க வேண்டும். மழையில் திரி அணையும். காற்றில் பொறி பறக்கும். பக்கத்தில் நிற்பவரின் மருந்துப் பைக்கு ஆபத்து என்பதால் நெருங்கி நிற்க முடியாது. ஐரோப்பியரிடம் இருந்தது சக்கிமுக்கிக் கல்லால் இயங்கும் துப்பாக்கி. குண்டையும் மருந்தையும் அளந்து ஒரே காகிதத்தில் சுற்றிய தோட்டாவுடன், பழகிய வீரன் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடலாம். இந்தத் துப்பாக்கியும் குறி தவறாதது அன்று. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிவைத்து வீழ்த்துவது அரிது. அதனால்தான் தனித்தனியாகச் சுடாமல், தோளோடு தோள் நின்று, கட்டளை கேட்டு ஒரே நொடியில் சுட்டனர். ஒருவனின் குறி தவறினாலும் நூறு பேரின் குண்டுகள் ஒரு சுவர்போல முன்னே சென்றன. ஒரு வரிசை மருந்து கெட்டிக்கும்போது அடுத்த வரிசை சுடும்.

அடுத்தது பயனெட். இது வருவதற்கு முன்பு துப்பாக்கிக்காரனைக் குதிரைப்படையிடமிருந்து காக்க ஈட்டிக்காரர்கள் தனியே தேவைப்பட்டனர். துப்பாக்கியின் முனையிலேயே கத்தியைப் பொருத்த முடிந்தபின் ஒவ்வொரு காலாளும் இரண்டு வீரனுக்குச் சமமானான். ஒழுங்கு குலையாமல் நிற்கும் காலாட்படையின் மேல் குதிரை பாயாது, விலகி ஓடும்.

மூன்றாவதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். நவாபின் குதிரை வீரன் பெரும்பாலும் தன் சொந்தக் குதிரையோடு வேலைக்குச் சேர்ந்தவன். குதிரை செத்தால் அவன் பிழைப்பும் போயிற்று. பீரங்கிக்கு எதிரே அந்தக் குதிரையை ஓட்டிச் செல்ல அவன் தயங்கியதைக் கோழைத்தனம் என்று எழுதிய ஆங்கில ஆசிரியர்கள், அவன் வீட்டுக் கணக்கைப் பார்க்கவில்லை. மேலும் படை என்பது பல ஜாகிர்தாரர்கள் கொண்டுவந்து சேர்த்த கூட்டங்களின் தொகுப்பு. அவர்களை ஒன்றாகக் கட்டிவைத்தது யானைமேல் அமர்ந்திருக்கும் தலைவரின் உருவம் ஒன்றுதான். அதே யானை, சுடுபவனுக்கு நல்ல குறியாகவும் அமைந்தது. 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நவாப் அன்வாருதீன்கான் யானைமீது இருந்தபடியே குண்டு பட்டு இறந்தார். படை அத்துடன் சிதறியது.

1751இல் ஆற்காட்டுக் கோட்டையைக் கிளைவ் பிடித்து ஐம்பது நாள் காத்து நின்றபோது, முற்றுகையிட்ட இராசா சாகிப், நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை முட்டி உடைக்க அனுப்பினார். துப்பாக்கிச் சூடு பட்ட யானைகள் திரும்பி, கொண்டுவந்தவர்களையே மிதித்தன. சங்ககாலம் முதல் கோட்டைக் கதவுகளை உடைத்துவந்த யானை போர்க்களத்தில் தன் வேலையை இழந்தது. அதன்பின் அதற்குக் கிடைத்தது பீரங்கி இழுக்கும் வேலையே.

முதல் விடை: அதையே கற்றுக்கொள்வது

உடனடியாகத் தோன்றிய விடை, எதிரியின் முறையை அப்படியே எடுத்துக்கொள்வது. புதுச்சேரியில் டூமா ஆளுநராக இருந்த காலத்திலேயே பிரெஞ்சுக்காரர் உள்ளூர் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தனர். அடையாற்றில் வென்ற படையில் நான்கில் மூன்று பங்கினர் இந்த நாட்டுச் சிப்பாய்களே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆங்கிலேயர் தாங்கள் தோற்ற இடத்திலிருந்து பாடம் கற்று, 1748இல் வந்த ஸ்டிரிஞ்சர் லாரன்சின் கீழ் சிப்பாய்ப் படையைத் திருத்தி அமைத்தனர். பின்னர் அது பட்டாளங்களாக வளர்ந்தது.

இம்முறையைத் தமிழ்நாட்டில் எல்லாரையும்விடத் தெளிவாகக் கற்றவர் யூசுப்கான். மருதநாயகம் என்ற பெயரில் இன்று அறியப்படுபவர் இவரே. கும்பினியின் சிப்பாய்களுக்குத் தளபதியாக உயர்ந்து, மதுரையை ஆள அமர்த்தப்பட்டவர், பிறகு அவர்களுக்கு எதிராகவே திரும்பினார். 1763இல் மதுரையை முற்றுகையிட்ட படை மழைக்காலத்தில் விலக நேர்ந்தது. 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலையும் யூசுப்கான் முறியடித்தார். துப்பாக்கி வரிசைக்கு எதிரே துப்பாக்கி வரிசை, பீரங்கிக்கு எதிரே பீரங்கி என்று நின்ற அந்தக் கோட்டையைச் சுடுதிறனால் வெல்ல இயலவில்லை. உணவை மறித்துப் பட்டினி போட்டனர். கடைசியில் உடனிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார்.

இந்த விடையில் ஒரு சிக்கல் இருந்தது. பயிற்சி பெற்ற காலாட்படைக்கு மாதந்தோறும் சம்பளம் தர வேண்டும். அறுவடை முடிந்து வந்து சேரும் பழைய படையைப்போல அதைக் கலைத்து வைக்க முடியாது. தோட்டா, சக்கிமுக்கிக் கல், சீருடை, பயிற்சியாளர் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அன்வாருதீனின் மகன் முகமது அலி இந்தச் செலவைத் தாமே ஏற்காமல் கும்பினியின் படையை வாடகைக்கு எடுப்பதுபோல நம்பியிருந்தார். செலவு கடனாயிற்று. கடனுக்கு வட்டி, வட்டிக்காக வரி வருவாய் அடகு என்று போய், 1801இல் ஆற்காட்டு அரசின் நிருவாகம் முழுவதும் கும்பினியின் கைக்கு வந்துவிட்டது.

ஐதர் அலி கண்ட வழி

மைசூர்ப் படையில் ஓர் அதிகாரியாக 1750களின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளிப் போர்களைப் பார்த்தவர் ஐதர் அலி. பிரெஞ்சு, ஆங்கிலக் காலாட்படைகளின் பலத்தையும் பலவீனத்தையும் நேரில் கண்டார். 1755இல் திண்டுக்கல்லின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தபோது, பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கொண்டு அங்கே ஆயுதக் கிடங்கு ஒன்றை ஏற்படுத்தினார். ஆக, அவரும் கற்றுக்கொள்ளும் வழியில்தான் தொடங்கினார்.

முதல் மைசூர்ப் போரில் 1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித்துடன் நேருக்கு நேர் மோதித் தோற்றார். எண்ணிக்கையில் பலமடங்கு மிகுந்த படை இருந்தும், திறந்த வெளியில் வரிசை கட்டி நிற்கும் காலாட்படையை முன்னால் நின்று உடைப்பது வீண் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. தன் முறையை மாற்றினார். 1769இல் ஸ்மித்தின் படையை உள்நாட்டிலேயே அலையவிட்டு, ஏறத்தாழ 6,000 குதிரை வீரர்களுடன் மூன்றரை நாளில் 130 மைல் கடந்து சென்னைக்கு அருகே வந்து நின்றார். கோட்டைக்குள் இருந்தவர்களுக்குப் படை இல்லை; படை இருந்த இடத்தில் ஐதர் இல்லை. அந்த ஏப்ரலில் அவர் சொன்னபடி உடன்படிக்கை ஆயிற்று.

ஆயிரம் ரூபாய்க் குதிரையை இரண்டு காசு பெறும் பீரங்கிக் குண்டுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தும் அளவுக்குத் தாம் அறிவில்லாதவர் அல்லர் என்றும், எதிரிகளை நடக்கவிட்டே கால் வீங்கச் செய்வதாகவும் அவர் சொன்னதாக ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கின்றனர். சொன்னாரோ இல்லையோ, அவர் செய்தது அதைத்தான். துப்பாக்கி வரிசையின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். தோட்டாப் பெட்டியும் அரிசி மூட்டையும் மாட்டு வண்டியில் வந்தன. மாட்டுக்குப் புல்லும் தண்ணீரும் வேண்டும். முன்வரிசையைத் தொடாமல் பின்னால் வரும் வண்டிகளைத் தொட்டால் போதும்.

1780 ஜூலையில் ஐதர் மீண்டும் கணவாய்களைக் கடந்து இறங்கினார். சர் எக்டர் மன்றோ சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வந்தார். கர்னல் வில்லியம் பெய்லி வடக்கே குண்டூரிலிருந்து வந்து அவரோடு சேர வேண்டும். இரண்டு படையும் சேர்ந்துவிட்டால் பழைய கதைதான் என்று அறிந்த ஐதர், மகன் திப்புவை அனுப்பிப் பெய்லியை வழியிலேயே மறித்தார். மன்றோ அனுப்பிய உதவிப் பிரிவையும் சேர்த்துப் பெய்லியிடம் ஏறத்தாழ 3,800 பேர். செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில், நாற்புறமும் சூழ்ந்த குதிரைப்படையின் நடுவே அவர்கள் சதுரமாக அணிவகுத்து நின்றனர். நெருங்கி நிற்பதே அவர்களுடைய பலம். அன்று அதுவே அவர்களுக்குக் கேடாயிற்று. மைசூர்ப் பீரங்கிகள் தொலைவிலிருந்து அந்த நெருக்கத்தின் மீது சுட்டன. இரும்புக் குழாயில் மருந்து அடைத்து மூங்கிலில் கட்டிய வாணங்கள் சீறி வந்து விழுந்தன. வாணத்தாலோ பீரங்கிக் குண்டாலோ, நடுவே நின்ற வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதன் பிறகு துப்பாக்கி வெறும் தடி. பெய்லியும் எஞ்சியவர்களும் சிறைப்பட்டனர். வெடிச்சத்தம் கேட்கும் தொலைவில் இருந்தும் மன்றோ வந்து சேரவில்லை. தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். இந்த வெற்றியின் ஓவியம் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இன்றும் இருக்கிறது.

அடுத்த ஆண்டு சர் அயர் கூட் வந்தார். 1781 ஜூலை 1இல் பரங்கிப்பேட்டையில் ஐதர் திறந்த வெளிப் போருக்கு உட்பட்டார், தோற்றார். ஏறத்தாழ 8,000 பேரைக் கொண்ட கூட்டின் படை, கடலிலிருந்து கப்பல் சூட்டின் உதவியும் கிடைக்க, பலமடங்கு பெரிய படையை விலக்கியது. ஆனால் தோற்றவரைத் துரத்திச் செல்லக் கூட்டிடம் மாடுகள் இல்லை. வென்ற களத்திலிருந்து சோறு தேடிக் கடற்கரைக்கே திரும்புவதாக அவருடைய வெற்றிகள் அமைந்தன. 1782 பிப்ரவரியில் கொள்ளிடக்கரையில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் ஏறத்தாழ 2,000 பேர் கொண்ட படையைத் திப்பு சூழ்ந்து பிடித்தது, பொள்ளிலூரின் மறுபதிப்புப் போன்றது.

இந்தப் போர்முறைக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். எதிரிக்குப் புல்லும் தண்ணீரும் தானியமும் கிடைக்கக் கூடாது என்றால், அவை ஊராருக்கும் கிடைக்கக் கூடாது. ஆற்காட்டுச் சீமையின் கிராமங்கள் எரிக்கப்பட்டன, ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, ஏரிக்கரைகள் பாழாயின. பிழைக்க வழியற்றவர்கள் சென்னையை நோக்கித் திரண்டனர். 1782இல் அந்நகரில் கொடிய பஞ்சம். தொண்டை நாட்டில் பல தலைமுறைகள் ஐதர் கலாபம் என்று பேசியது இதைத்தான். படைத்தலைவர்களின் வரைபடத்தில் இது மிகச் சரியான உத்தி. உழவரின் நினைவில் அதற்கு வேறு பெயர்.

கும்பினியும் தன் பங்குக்கு மாறியது. 1791இல் சீரங்கப்பட்டணத்தை நெருங்கிய காரன்வாலிஸ், மாடுகள் செத்து விழுந்ததால் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. மறு ஆண்டு பஞ்சாரி வணிகர்களின் பொதிமாட்டுக் கூட்டங்களைச் சேர்த்துக்கொண்டு போனார், வென்றார். 1799இல் திப்பு வீழ்ந்தபின் அங்கே கிடைத்த வாணங்கள் இங்கிலாந்துக்குச் சென்றன. அவற்றை ஆராய்ந்து காங்கிரீவ் என்பவர் செய்த வாணங்களைப் பிரிட்டானியப் படை ஐரோப்பியப் போர்களில் பயன்படுத்தியது.

பாளையங்களின் மண்ணும் முள்ளும்

ஐதருக்குக் குதிரைகள் இருந்தன. பெரிய அரசின் வருவாய் இருந்தது. தென்பாண்டிப் பாளையக்காரருக்கு இரண்டும் இல்லை. அவர்களிடம் இருந்தது மண், முள், காடு, ஆட்கள்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் உள்ள மண்கோட்டை. கல்கோட்டையைப் பார்த்துப் பழகிய வெள்ளை அதிகாரிகளுக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. கல்மதிலில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் நொறுங்கிப் பிளவு விழும். இறுகிய மண்மதிலில் பட்ட குண்டு உள்ளே புதைந்துபோகும். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. அதை வெட்டி நுழைவதற்குள் வரிசை கலையும்; வரிசை கலைந்த சிப்பாய் தனி மனிதன்.

1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் பெரிய பீரங்கிகள் வந்து சேருமுன்பே தாக்கினார். அதிகாரிகள் பலரை இழந்து பின்வாங்கினார். பெரும் பீரங்கிகள் வரப்போகின்றன என்று அறிந்த கட்டபொம்மன் இரவில் கோட்டையைவிட்டு வெளியேறினார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடிக்கப்பட்டது.

1801 பிப்ரவரி 2இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரத்துக்குள் மேஜர் மெக்காலே பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து பார்த்தபோது, தரைமட்டமாக்கிய இடத்தில் கோட்டை மறுபடி எழுந்து நின்றது. கல்கோட்டையை இப்படி எழுப்ப ஆண்டுகள் ஆகும். மண்கோட்டைக்கு ஊர் கூடினால் போதும். பீரங்கிக்கு எதிரான இந்தப் போர்முறையில் இதைவிட எளிய, இதைவிட வலிய ஒன்றைக் காண்பது அரிது.

மார்ச் 31இல் மெக்காலே தாக்கினார். பீரங்கிகள் மதிலில் உடைப்பை ஏற்படுத்தின. வீரர்கள் அதில் ஏறினர். உச்சியில் தலை தெரிந்ததும் உள்ளே கீழே நின்றவர்கள் பதினெட்டு இருபது அடி நீளமுள்ள ஈட்டிகளால் குத்தி வீழ்த்தினர். மேலே நிற்பவனுக்குச் சுடக் குறி தெரியாது. கீழே நிற்பவனுக்கு வானத்தின் எதிரே அவன் உருவம் தெளிவாகத் தெரியும். ஐரோப்பாவில் பயனெட் வந்ததும் ஒழிந்துபோன நெடிய ஈட்டி, திருநெல்வேலிச் சீமையில் பயனெட்டையே தோற்கடித்தது. அந்தத் தாக்குதலில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில், எதிரிகளின் வீரத்தை மறைக்காமல் பதிவு செய்துள்ளார். பழைய ஆட்சியாளர்களின் எழுத்தில் இத்தகைய நேர்மையை எப்போதும் எதிர்பார்க்க முடியாது.

கர்னல் அக்னியூ மேலும் படையும் பெரும் பீரங்கிகளும் கொண்டு வந்து, மே 24இல் கோட்டையைப் பிடித்தார். ஊமைத்துரை காயங்களுடன் தப்பிச் சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களிடம் சேர்ந்தார்.

காளையார்கோயில் காடு

கோட்டை எவ்வளவு வலியதானாலும் ஓரிடத்தில் நிற்பது. பீரங்கி ஒருநாள் வந்து சேர்ந்துவிடும். மருதுபாண்டியர் அடுத்த படிக்குச் சென்றனர். காளையார்கோயிலைச் சுற்றி இருந்த அடர்ந்த காட்டையே கோட்டையாக்கினர். துப்பாக்கி வரிசைக்குத் தேவையானது நேரான பார்வையும் சமமான தரையும். காட்டில் இரண்டும் இல்லை. பத்தடி தூரத்தில் புதருக்குள் இருப்பவன் தெரியமாட்டான். ஒருசேரச் சுடுவதற்கு எதிரில் கூட்டம் இல்லை. வளரியும் வேலும் வாளும் திரித் துப்பாக்கியும் மீண்டும் பயன் பெற்றன. ஊமைத்துரையும் மருதுவும் சேர்ந்தது தனித்தனிப் பாளையங்களின் சண்டையை ஒரு நாட்டுப் போராக விரித்தது. 1801 ஜூனில் சின்ன மருதுவின் பெயரால் திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரிலும் சீரங்கத்திலும் ஒட்டப்பட்ட அறிக்கை எல்லாச் சாதியினரையும் சமயத்தினரையும் அழைத்தது.

ஜூலை இறுதியில் சிறுவயலைப் பிடித்த அக்னியூ, அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிச் சாலை போட முனைந்தார். பீரங்கி போக வேண்டும் என்றால் வழி வேண்டும். பகலில் மரம் வெட்டுபவர்களுக்குச் சிப்பாய்கள் காவல் நின்றனர். புதர்களுக்குள்ளிருந்து தாக்குதல் ஓயவில்லை. வெட்டிய இடத்தில் மறுநாள் தடுப்பு எழுந்தது. காய்ச்சலும் உணவுப் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டன. ஏறத்தாழ ஒரு மாத முயற்சிக்குப் பிறகு, செப்டம்பர் தொடக்கத்தில் அக்னியூ அந்தச் சாலையைக் கைவிட்டார். தென்னாட்டில் கும்பினியின் பீரங்கிகள் மரங்களிடம் தோற்றது இங்கேதான்.

பிறகு வேறு கருவி எடுத்தார். படமாத்தூர் கௌரி வல்லப உடையணத் தேவரைச் சிவகங்கையின் உரிமையாளராக அறிவித்து, சோழபுரத்தில் பட்டம் சூட்டினார். மருதுபாண்டியரின் பக்கம் இருந்தவர்களில் ஒரு பகுதி விலகியது. காட்டின் வழிகளை அறிந்தவர்கள் கும்பினிக்குக் கிடைத்தனர். அக்டோபர் 1இல் மூன்று திசைகளிலிருந்து படைகள் நுழைந்தன, காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்களிடமிருந்த ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. துப்பாக்கிகளோடு ஈட்டிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டை இருந்த இடம் உழப்பட்டு ஆமணக்கு விதைக்கப்பட்டது என்று மக்கள் சொல்லிவருகின்றனர். 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் இளவயது மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் விலங்கிடப்பட்டு, தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டனர்.